மூன்று மணிக்கு வற்றிய ஆறு

ஆற்றில் குளிர வைத்த தர்ப்பூசணி வெறும் கல்லின் மேல் கிடந்தது.

காலையில் புருல்தான் அதை வலைப்பையில் போட்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் இறக்கி, கரையோர வேரில் கட்டியிருந்தாள். அப்போது ஆறு பையை இழுத்த இழுப்பில் கயிறு அவள் விரல் தோலையே அறுத்துவிட்டது. இப்போது பழத்தைச் சுற்றி ஈரம் மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். மேல்தோல் வெயிலில் சுட ஆரம்பித்திருந்தது.

மணி மூன்று. ஜூலை மாதத்து வெயில். மலை உச்சிப் பனி உருகி வரும் ஆறு காலையில் இளைத்திருக்கும், மதியத்துக்கு மேல்தான் கொழுக்கும். மலையடிவாரத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். அவள் புகுந்த வீட்டாரைப் போல நகரத்துக்குப் போய் இரண்டு தலைமுறை ஆனவர்களுக்கு மறந்துபோயிருக்கும். புருலின் அப்பா இதே மலையின் இன்னொரு பள்ளத்தாக்கில் ஆற்றுமட்டம் அளக்கும் வேலை பார்த்தவர். வெயில் நேரத்தில் ஆறு வற்றினால் மேலே எங்கேயோ மலை சரிந்து வழியை அடைத்துக்கொண்டது என்று பொருள். அடைத்தது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைந்தால் வருவது தண்ணீராக இருக்காது. சேறும் பாறையும் மரமுமாக ஒரு மலையே நடந்து வரும்.



திரும்பிப் பார்த்தாள். கரைக்குப் பத்தடி தள்ளி, தேவதாரு நிழலில் விரிப்பு விரித்திருந்தார்கள். அதன் தலைமாட்டில் எசென்குல் பெரியவர் தொப்பியும் கோட்டுமாகச் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். புருலின் கொழுந்தனுக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணின் அப்பா. பீன்ஸ் விளைகிற சமவெளி ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பக்கத்தில் அவர் மனைவி. எதிரில் புருலின் மாமனார் சோபுபெக், மாமியார் பாகிலா, புருலின் கணவன் மிர்லான், கொழுந்தன். சம்பந்தம் பேசிய பிறகு பெண் வீட்டாரை அழைத்து வைக்கும் முதல் விருந்து இது. வீட்டில் வைத்தால் எல்லாரும்தான் வைப்பார்கள், மலையில் வைத்தால்தான் பேர் நிற்கும் என்று சோபுபெக் ஒற்றைக்காலில் நின்றார். ஆட்டை மட்டும் பத்து நாள் தேடி வாங்கினார். அது காலையிலிருந்து கொப்பரையில் வெந்துகொண்டிருந்தது.

"ஆத்துக்கு என்னா மரியாத பாத்தீங்களா சம்பந்தி?" என்றார் சோபுபெக். "காலைல கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்துச்சு. இப்ப நீங்க வாயத் தொறந்ததும் அது கம்முனு ஆயிடுச்சு."

எசென்குல் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். உண்மைதான். இரைச்சல் போய்விட்டிருந்தது. கொப்பரை கொதிப்பதுகூடக் காதில் விழுந்தது. எல்லாருக்கும் அது சுகமாக இருந்தது. புருலுக்கு மட்டும் காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது.

அவள் மகள் மேரிம், ஐந்து வயது, காலையில் தண்ணீர் ஓடிய இடத்தின் நடுவில் நின்று பச்சைக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேரிம், வா இங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

புருல் செருப்போடு இறங்கிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லெல்லாம் சிதறிவிட்டது என்று அது அழுதது. விரிப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாகிலாவின் முகம் சுருங்கியது.

மிர்லான் கொப்பரையருகே எழுந்து வந்தபோது புருல் அவன் காதோரம் சொன்னாள். "ஆறு வத்துது. மேல அடைச்சிருக்கு. எல்லாரையும் கெளப்பு."

"ஆரம்பிச்சிட்டியா?"

"பழத்தப் போய்ப் பாரு."

"பழத்த அறுக்கத்தான் கொண்டாந்தோம். போன வருஷம் என்னா பண்ணின, ஞாபகம் இருக்கா? மேகம் கறுக்குது, ஓடு ஓடுன்னு எங்கண்ணன் மாமனாரு குடும்பத்த நனைஞ்ச கோழியாட்டம் கார்ல ஏத்தின. ஒரு சொட்டு விழுந்துச்சா? இன்னிக்கு வரைக்கும் அவங்க வீட்ல அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"அது மேகம். இது ஆறு."

"சம்பந்திக்கு இன்னும் கறியே வைக்கல. இப்பப் போய் எந்திரிங்கன்னு நான் எந்த வாயால சொல்ல?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தான். "சாப்பிட்டதும் கெளம்பிடலாம். அரை மணி நேரம்."

புலி வருது கதைதான். ஒருதடவை பொய்யாகிவிட்டால் நிஜப் புலி வாசலில் நின்றாலும் ஊர் நம்பாது. அவன் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

அந்த அரை மணி அரை மணியில் முடியாது என்று அவளுக்குத் தெரியும். கறியை விரிப்பில் வைத்துவிட்டால் முறை தொடங்கிவிடும். ஆட்டுத்தலை பெரிய விருந்தாளிக்கு. அவர் அதன் காதை அறுத்துச் சின்னப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். வயசுக்கும் உறவுக்கும் தக்கபடி இன்னார்க்கு இன்ன எலும்பு. பிறகு சூப்பு, தேநீர், பழம். எல்லாம் முடிந்தபின் மூத்த விருந்தாளி இரு கையையும் ஏந்தி ஆசி சொல்வார். எல்லாரும் ஏந்துவார்கள். அவர் 'ஓமின்' என்று முடித்ததும் உள்ளங்கையால் முகத்தை வழித்துவிட்டு எழுவார்கள். அதற்குமுன் எழுந்தால் விருந்து கொடுத்தவனை அவமதித்ததாகும், அதற்குப்பின் ஒரு துண்டு ரொட்டியைக்கூடத் தொடக் கூடாது. எசென்குல் ஆசி சொல்ல ஆரம்பித்தால் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் முடிப்பார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

சோபுபெக்கே தலையைத் தட்டில் வைத்துத் தூக்கி வந்து பெரியவர் முன் வைத்தார். தட்டை இரண்டு முறை நேராக்கினார். பெருமைதான். புருல் கடைசியில், தேநீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில், மருமகள் உட்கார வேண்டிய இடத்தில் மண்டியிட்டு அமர்ந்தாள். பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள்.

மாமனார் முன் வாய்திறந்து பேசுகிற மருமகள் இல்லை அவள். அதனால் எல்லாருமே நிமிர்ந்தார்கள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. தண்ணி இறங்கிடுச்சு. இது நல்லதுக்கில்ல. சாப்பாட்ட மேல, கார் நிக்கிற எடத்துக்கு எடுத்துட்டுப் போயிடலாம். அறுபது அடிதான். அங்கயும் நெழல் இருக்கு."

சோபுபெக் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்க மருமகளுக்கு ஆத்தோட பேசத் தெரியும் சம்பந்தி. அவ அப்பன் குச்சிய நட்டு ஆறளந்தவன்."

"அளந்து ஊத்துனாரா, வித்தாரா?" என்றார் எசென்குல். எல்லாரும் சிரித்தார்கள். "பயப்படாதம்மா. நான் உக்காந்திருக்கேன்ல. எனக்கு மேல வந்து ஆறு உக்காராது."

"தேநீர ஊத்து," என்றாள் பாகிலா, உதட்டை அசைக்காமல்.

புருல் ஊற்றினாள். கிண்ணத்தில் தேநீர் நிற்கவில்லை. நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டம் வட்டமாக ஓடிக்கொண்டே இருந்தது. தன் கைதான் நடுங்குகிறது என்று எண்ணிக் கிண்ணத்தைத் தரைமேல் வைத்தாள். தரையிலும் ஓடியது. அப்போதுதான் வாசனை வந்தது. புதிதாக வெட்டிய குழியிலிருந்து வருமே, அந்தப் பச்சை மண் வாசனை. காற்றே இல்லாத பள்ளத்தாக்கில் அது மேலிருந்து இறங்கி வந்தது.

எசென்குல் ஆட்டின் காதை அறுத்து, மேரிமை நோக்கி நீட்டினார். "வாடி கண்ணு, வந்து வாங்கிக்க."

இனிமேல் கத்தினால் பைத்தியம் என்பார்கள். சமாதானப்படுத்துவார்கள். அதற்கே நேரம் போய்விடும். அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. தோன்றியபோதே உடம்பு கூசியது.

புருல் பிள்ளையை மடியிலிருந்து இறக்கினாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினாள். யாராவது கையேந்தினால், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே கை உயர்ந்துவிடும். கொழுந்தனின் கை உயர்ந்தது. பெரியவரின் மனைவியின் கை உயர்ந்தது. வாயில் ரொட்டியோடு மிர்லானும் ஏந்திவிட்டான்.

"சாப்பிட்டது உடம்புல ஒட்டணும். வந்தவங்க நல்லபடியா வீடு போய்ச் சேரணும்," என்றாள் புருல் வேகமாக. "ஓமின்."

கைகள் தாமாக முகத்தை வழித்தன. எசென்குலின் கைகூட, காதையும் கத்தியையும் தட்டில் போட்டுவிட்டு, தாடி வரை போய்விட்டது. பிறகுதான் என்ன நடந்தது என்று அவருக்கு உறைத்தது.

 விருந்து முடிந்துவிட்டது. கடைசியில் உட்கார்ந்த ஒரு மருமகள் முடித்துவைத்துவிட்டாள், அதுவும் ஆட்டுத்தலையை அறுக்கும்போது.

எசென்குல் எழுந்தார். முகம் வெந்த செங்கல்லாகியிருந்தது. "பெரிய மனுஷங்களுக்கு ஆசி சொல்ல உங்க வீட்ல பொம்பளைங்க இருக்காங்க சம்பந்தி. நான் எதுக்கு?" மனைவியைப் பார்த்தார். "கெளம்பு."

அவர் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினார். மனைவி செருப்பை மாட்டாமலே பின்னால் ஓடினாள். "அண்ணே, அண்ணே, சின்னப் பொண்ணு, புத்தி கெட்டுப் போய்..." என்று கெஞ்சிக்கொண்டே பாகிலா ஓடினாள். கொழுந்தன் தன் கல்யாணம் மேட்டில் ஏறிப் போவதைக் கண்டு பின்னால் பாய்ந்தான். மிர்லான் புருலை ஒரு பார்வை பார்த்தான். அப்படி அவன் பார்த்ததே இல்லை. அவனும் போனான்.

போகட்டும், ஏறட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஒருவர் மட்டும் ஏறவில்லை.

சோபுபெக் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, எந்திரிங்க."

"போ."

"மாமா, மண்ணு வருது. தரையில கைய வச்சுப் பாருங்க. உங்க கால்ல விழுறேன்."

"நாப்பது வருஷம் எத்தனையோ விருந்துல உக்காந்திருக்கேன்," என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.  "ஒரு தடவகூட ஆசி இல்லாம எந்திரிச்சதில்ல. சம்பந்தி வந்து சொல்லட்டும். சொல்லாம நான் எந்திரிச்சா, நீ சொன்னத நான் ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். கிழவருக்கு இன்னும் பலம் இருந்தது. மேரிம் அழ ஆரம்பித்தது. மேலே, பள்ளத்தாக்கின் வளைவுக்கு அப்பால், சரக்கு ரயில் வருவது போல ஓர் ஓசை எழுந்தது. அங்கே ரயில் பாதை கிடையாது.

புருல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அறுபது அடியும் அவள் மாமனாரை விட்டுவிட்டு ஓடிய அடிகள் என்று ஒவ்வொன்றிலும் தெரிந்தது.

மேட்டில் அவர்கள் காரருகே நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபம் யார் முகத்திலும் இல்லை. வளைவில் நின்ற தேவதாரு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்டிப் படுத்தன. அதன் பின்னால் கறுப்பாக, இரண்டு ஆள் உயரத்துக்கு, அவசரமே இல்லாததுபோல அது வந்தது.

"அப்பா!" என்று மிர்லான் கீழே பாய்ந்தான். தம்பி அவன் இடுப்பைக் கட்டிப் புல்லில் குப்புறத் தள்ளி மேலே படுத்துக்கொண்டான்.

"எங்க அவரு? ஏன் எந்திரிக்கல?" என்றாள் பாகிலா.

"சம்பந்தி வந்து ஆசி சொல்லணுமாம், அத்தை," என்றாள் புருல். "சொல்லாம எந்திரிக்க மாட்டாராம்."

எசென்குல் அவளைப் பார்த்தார். பிறகு மேட்டின் விளிம்புக்கு ஓடினார். எழுபது வயசு மனுஷன் அப்படி ஓடக்கூடாது. இரண்டு கைகளையும் கீழே இருப்பவருக்குத் தெரியும்படி உயர ஏந்தினார். ஏழு தலைமுறையையும் கூப்பிடவில்லை.

"ஓமின், சம்பந்தி," என்று கத்தினார். "ஓமின். எந்திரி."

இரைச்சலில் அந்தச் சொல் கீழே போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, சோபுபெக் நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததைப் புருல் அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டாள். மேட்டில் பெரியவர் முகத்தை வழித்தார். அவர் மனைவி வழித்தாள். பாகிலாவும், இரண்டு கைகளாலும் முகத்தை மூடி, நெற்றியிலிருந்து கீழே வழித்தாள். புருலின் கைகளில் பிள்ளை இருந்தது. அவளால் ஏந்த முடியவில்லை.

சோபுபெக் முறைப்படியே செய்தார். இரண்டு கைகளையும் ஏந்தினார், அவசரப்படாமல் முகத்துக்குக் கொண்டு போனார். கைகள் கண்ணை மறைத்திருந்தபோதே அது விரிப்பின் மேல் ஏறியது. அவர் அதைப் பார்க்கவில்லை. எழவும் இல்லை. புருல் பிள்ளையின் தலையைத் தன் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டு, கண் சிமிட்டாமல் பார்த்தாள்.

பாகிலா கைகளை இறக்கினாள். கீழே விரிப்பு இல்லை, கொப்பரை இல்லை, நிழல் தந்த மரமும் இல்லை. சேறு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் புருலின் கையைப் பிடித்தாள்.

"எந்திரிச்சாராடி?"

"எந்திரிச்சாரு, அத்தை," என்றாள் புருல். "உங்களப் பாத்துதான் ஓடி வந்தாரு."