தீராத சிலிண்டர்

குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஈஸ்வர் வீட்டில், 2019ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மாட்டிய கேஸ் சிலிண்டர் இன்றுவரை தீரவில்லை. வீட்டில் ஐந்து பேர். காலையில் இட்லிக் குண்டான் ஏறும், மதியம் சோறு வடிக்கும், இடையில் வெந்நீர், பால், காப்பி. ராத்திரிச் சாப்பாடு என்று வந்துவிட்டால் அடுப்பில் இடம் இருக்காது. அந்தத் தெருவில் இதே அளவுள்ள குடும்பங்களுக்கு மாதம் ஒரு சிலிண்டர் ஆகிறது. இந்த வீட்டில் மட்டும் ஆகாததற்குக் காரணம் ஈஸ்வரின் மனைவி சௌந்தர்யாவின் கோபம். அது வீட்டாருக்குத் தெரிய மூன்று வருடம் பிடித்தது.

சௌந்தர்யா பள்ளிபாளையத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள். வந்த முதல் வாரத்திலேயே ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு விதம் செய்ய வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லப்படாமலேயே தெரிந்துவிட்டது. மாமனார் தண்டாயுதபாணிக்குச் சர்க்கரை, சோறு கூடாது, ராகிக் களி வேண்டும், அது கட்டி தட்டக் கூடாது, ஆறக் கூடாது, கீரை நீர்க்கக் கூடாது. மாமியார் ராமாத்தாள் எதையும் குறை சொல்ல மாட்டார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார், அவ்வளவுதான். ஈஸ்வருக்கு மதியம் வைத்த குழம்பு ராத்திரி ஆகாது. மகன் நிலவன் பிறந்து, பல் முளைத்து, தன் தட்டைத் தானே பிடிக்கத் தொடங்கியதும் அவனுக்கும் ஒரு தனி வழி உண்டாயிற்று: தோசை, அதுவும் ஓட்டை விழாத தோசை, வெங்காயம் கண்ணில் படாத சட்னி. சௌந்தர்யா என்ன சாப்பிடுவாள் என்று யாரும் கேட்டதில்லை. மிச்சம் எதுவோ அதை அவள் மேடையருகே நின்றபடி சாப்பிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு சட்டியில் ஒரு குழம்பு வைத்து, ஐந்து தட்டிலும் அதையே ஊற்றி, தானும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். அது சுண்டைக்காய்ப் புளிக்குழம்பாக இருந்தால் நல்லது. கசப்பு என்று சொல்லி அந்த வீட்டில் அதை வைக்க விட்டதில்லை.

வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. எட்டுத் தறியும் ஓடும்போது சாப்பாட்டு அறையின் சுவர் நடுங்கும், டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாகும். தறிக்காரர்கள் அந்தச் சத்தத்தில் உதட்டசைவாலும் கையாலும் பேசிப் பழகியவர்கள். சௌந்தர்யாவும் பட்டறையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிப் போட்ட காலத்தில் அதைக் கற்றுக்கொண்டாள். ஆகவே அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றிய புகார்கள் பெரும்பாலும் சத்தமில்லாமலே வந்தன. இரண்டு விரலைச் சேர்த்துத் தேய்த்தால் உப்பு இல்லை. நாக்கைத் தொட்டுக் காட்டினால் காரம். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இதை எடுத்துக்கொண்டு போ. கரண்ட் போய்த் தறி நின்ற நாட்களில் அதே புகாரை வாயால் சொன்னார்கள். சௌந்தர்யாவுக்கு அதுவே மேல் என்று தோன்றும். வாயால் சொன்னால் காதை மூடிக்கொள்ளலாம். கையால் சொல்வதைப் பார்க்காமல் எப்படிப் பரிமாறுவது.

2019 ஆடிப் பதினெட்டன்று ஆற்றுக்கு வந்த உறவுக்காரர்கள் பதினாறு பேருக்கு எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் அவள்தான் செய்தாள். மறுநாள் இடுப்பு விட்டுப்போயிற்று. புதுச் சிலிண்டரை மாட்டி, அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஒரே சாதமாக ஆக்கி, ஒரு ரசம் வைத்தாள். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரே நேரத்தில் மூன்று கைகள் கவிழ்ந்து அசைந்தன, ராமாத்தாள் முகர்ந்தார். சௌந்தர்யா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ரசம் கொதித்துக்கொண்டே இருந்தது. குமிழைத் திருகிப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது. பர்னரைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. நெஞ்சுக்குழியில் கை வைத்தபோது கை சுட்டது. அவள் பயப்படவில்லை. இதெல்லாம் எங்கே போகிறது என்று பல வருடமாக யோசித்திருந்தாள், இங்கேதான் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதே அடுப்பில் களிக்கு உலை வைத்தாள்.

அதன்பிறகு அவள் கேஸைத் திறக்கவில்லை. எந்தக் கோபத்துக்கு எவ்வளவு சூடு என்பது ஒரு மாதத்தில் பிடிபட்டது. ராமாத்தாள் முகர்ந்ததை நினைத்தால் பால் சுண்டும் அளவுக்கு இளஞ்சூடு. மாமனார் களியை விரலால் நசுக்கிக் கட்டி தேடுவதை நினைத்தால் பருப்பு வேகும். தோசைக்கல்லுக்கு நிலவனின் 'வேற என்ன இருக்கு' போதும், சீராகச் சிவக்கும். குக்கர் விசில் வர வேண்டுமென்றால் தட்டைத் தள்ளிவிட்டு ஓட்டல் பரோட்டா வாங்கப் போகும் ஈஸ்வரின் முதுகை நினைக்க வேண்டும். நாள் முழுக்க அவள் புதிதாகக் கோபப்பட வேண்டியதில்லை. பழையதே இருப்பு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அவள் முகத்தில் எதுவும் தெரியாது. தலைக்குக் குளித்தால் ஈரம் உடனே காய்ந்துவிடும், ராத்திரி பாய் சுடும், அவ்வளவுதான்.

வீட்டார் சிலிண்டர் தீராததைக் கவனித்தார்கள், மகிழ்ந்தார்கள். ஈஸ்வர் டீக்கடையில் தன் வீட்டு அடுப்பு ராசி என்றான். தண்டாயுதபாணி, பங்குனித் திருவிழாவில் தான் வைத்த தண்ணீர்ப் பந்தலின் பலன் என்றார். சிலிண்டர் போடும் கந்தவேலுக்குத்தான் சந்தேகம் வந்து ஒருநாள் நேரில் பார்க்க வந்தான்.

"ஏனுங்க அம்மிணி, வேற கம்பெனிக்கு மாறிட்டீங்களா?"

சௌந்தர்யா அவனைச் சமையலறைக்குள் வரச் சொன்னாள். அவன் சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தான், முழு எடை. குமிழைப் பார்த்தான், மூடியிருந்தது. மேலே சாம்பார் கொதித்தது. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்து, "ஒவ்வொரு ஊட்ல ஒவ்வொரு மாதிரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் அவன் வரவில்லை.

2022இல் நிலவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் கபடி விளையாடிவிட்டு ஒருநாள் பசியில் வந்தவன், ஓட்டை விழுந்த தோசையை, வெங்காயம் போட்ட சட்னியோடு ஆறு சாப்பிட்டான். ஏழாவதைக் கேட்கும்போது, "நல்லாருக்கும்மா" என்றான். சௌந்தர்யா கையில் கரண்டியோடு நின்றாள். கல் ஆறிப்போயிற்று. ஊற்றிய மாவு வெள்ளையாக அப்படியே கிடந்தது. நெஞ்சுக்குழியில் கை வைத்துப் பார்த்தாள், மற்றவர்களுக்கு இருப்பதைப் போல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையன் பார்த்துவிடக் கூடாதென்று திரும்பிக்கொண்டு சிரித்தாள். கேஸைத் திறக்கப் போனால் மூன்று வருடம் தொடாத குமிழ் இறுகிக்கிடந்தது. அன்றைக்குக் களி ஆகவில்லை. தண்டாயுதபாணி அவல் தின்றுவிட்டுப் படுத்தார். படுத்தவர் யோசித்தார். அவர் முட்டாள் இல்லை, நாற்பது வருடம் தறி ஓட்டியவர். எது நின்றால் எது நிற்கும் என்று பார்க்கத் தெரிந்தவர்.

மறுநாள் மாலை சௌந்தர்யா ஈரத்துணி காயப்போடக் கொல்லைப் பக்கம் போனாள். பட்டறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருக்க, மாமனார் பக்கத்தில் நிற்க, ஈஸ்வர் மகனின் தோளைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை. உதடு தெரிந்தது.

"இனிமே நல்லாருக்குன்னு சொல்லிப்போடாத, சாமி. பாவு நூலு இழுப்பா இருந்தாத்தான் துணி வரும். தளர உட்டோம்னா தறி நின்னுபோயிரும். ஆருக்கு நட்டம்?"

பையன் தலையாட்டினான். சௌந்தர்யா கடைசித் துணியையும் உதறிப் போட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்தது அதற்கு அடுத்தது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவளிடம் அவளுக்கென்று இருந்தது அந்தச் சூடு ஒன்றுதான். அதிலும் இவர்கள் உலை வைத்திருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று தள்ளிய தட்டுகளை நினைத்து அவள் எத்தனையோ ராத்திரி தன் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். இனி அவர்கள் தள்ளும்போது அது நாக்குக்குப் பிடிக்காமல்தானா, அடுப்பு எரிவதற்காகவா என்று தெரிய வழியே இல்லை.

ஆனாலும் அவள் உடனே ஒன்றும் செய்யவில்லை. மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள். புகார்கள் முறை வைத்து வந்தன. திங்களன்று ஈஸ்வர், செவ்வாயன்று மாமனார். கத்தரிக்காய் வறுவலைக் கசக்கிறது என்று காட்டிய கை, அவள் திரும்பியதும் இரண்டாம் தடவை அள்ளியது. நிலவனுக்கு மீசை அரும்பியது. சாப்பிடுவதற்கு முன்பே விரலைத் தேய்த்துக் காட்டிவிட்டு உட்காரப் பழகியிருந்தான், பாடம் ஒப்பிப்பதைப் போல. அடுப்பு முன்னைவிட நன்றாக எரிந்தது. ராமாத்தாள் மட்டும் முறையில் சேரவில்லை. அவர் எப்போதும்போல முகர்ந்தார்.

2025 புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, சந்தையில் சுண்டைக்காய் பச்சையாகக் குவிந்து கிடந்தது. சௌந்தர்யா வாங்கிவந்தாள். தட்டி, விதை அலசி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, ஒரு பெரிய சட்டி குழம்பு வைத்தாள். சோறு வடித்தாள். களி கிண்டவில்லை, தோசைக்கல்லை எடுக்கவில்லை. ஐந்து தட்டு வைத்து ஐந்திலும் ஊற்றினாள். பிறகு, அந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்து முதல் வாயை எடுத்து வைத்தாள்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. தறி நின்றிருந்தது. ஈஸ்வர் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னத்தப் புள்ள பண்ணி வெச்சிருக்க? மனுசன் திங்கறதா இது?"

அவன் தட்டில் சடசடவென்று சத்தம் கேட்டது. சோறு அரிசியாகிவிட்டது. குழம்பு பிரிந்து, புளி ஓர் உருண்டையாக ஒருபக்கம் ஒதுங்கிற்று. எண்ணெய் தனியே நின்றது. சுண்டைக்காய்கள் பறித்த பச்சையோடு தட்டில் உருண்டன. தண்டாயுதபாணி தன் தட்டைப் பார்த்துவிட்டு, களி எங்கே என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருடையதும் அரிசியாயிற்று. நிலவன் பழக்கத்தில் விரலைச் சேர்த்தான், தேய்க்கவில்லை. ஆனாலும் ஓரத்தில் நாலு பருக்கை விறைத்தது. ராமாத்தாள் ஒரு பிடி சோற்றை மூக்குவரை கொண்டுபோனவர், அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

"என் சூடு. எடுத்துக்கிட்டேன்" என்றாள் சௌந்தர்யா. அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. குழம்பு கசப்பும் புளிப்புமாக, நாக்கு சுடும் அளவுக்கு இருந்தது.

ஈஸ்வர் முதலில் கத்தினான். அப்புறம் எடப்பாடியிலிருந்து மந்திரிக்கும் ஒருவரைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டான். வந்தவருக்கும் சாப்பாடு போடப்பட்டது. உப்புக் கொஞ்சம் கம்மி என்று அவர் சொன்னதும் நடந்ததைப் பார்த்து, தட்சணை வாங்காமலே பஸ் ஏறிவிட்டார். ஒரு வாரம் ஓட்டல் பரோட்டா ஓடியது. எட்டாம் நாள் ஈஸ்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டான். மாவாட்டிக்கொண்டிருந்த மருமகளிடம் ராமாத்தாள் அந்த வாரத்தில் ஒருநாள் வந்து நின்றார்.

"நானுந்தான் எரிஞ்சேன், அம்மிணி. எனக்கு வெறகும் செலவாச்சு" என்றார். சொல்லிவிட்டுப் போய் டிவி போட்டுக்கொண்டார். சௌந்தர்யா தனக்கு அவர்மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எரியும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தானே இத்தனை வருடம் முகர்ந்தார். மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

இப்போது அந்த வீட்டில் ராத்திரிக்கு ஒரே சட்டி. நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று சௌந்தர்யாவும் நினைப்பதில்லை, அந்தச் சொல் எப்போதோ புளித்துப்போய்விட்டது. நிலவன் வளர்கிற உடம்புக்கு இரண்டு தட்டு சாப்பிடுகிறான். தண்டாயுதபாணி மட்டும் சனிக்கிழமை தவறாமல் ஏதாவது சொல்லி, அரிசியாகிப்போனதைத் துண்டில் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். எழுபத்தைந்து வயதில் கரண்ட் அடுப்பு வாங்கித் தானே களி கிண்டப் பழகியிருக்கிறார். கட்டி தட்டுகிறது. அதைப் பற்றி அவரே குறை சொல்லிக்கொள்கிறார், அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

போன தை மாதம் ஈஸ்வரின் பெரியப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். எந்த ஊர்க் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை பழுது சொல்பவர். கை கழுவும் இடத்திலேயே ஈஸ்வர் அவரிடம், எங்கூட்ல சாப்பாட்டப் பத்தி வாயத் தொறக்காதீங்க, பச்சையாப் போயிரும் என்று, மாடிப்படியில் வழுக்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னான். அவர் சிரித்தார். இரண்டாம் வாயில், புளி கொஞ்சம் தூக்கல் என்றார். சடசடவென்றது. யாரும் தலை நிமிரவில்லை. நிலவன் எழுந்துபோய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து அரிசியை வழித்துப்போட்டான். வந்தவர் பசியோடு போகக் கூடாதென்று அவர் தட்டில் இரண்டு வாழைப்பழம் வைக்கப்பட்டது. பழம் அடுப்பு ஏறாதது, அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லலாம். அவர் உரித்து ஒரு கடி கடித்து, இன்னும் பழுக்காமல் காய்வெட்டாகத்தான் இருக்கிறது என்றார். சௌந்தர்யா தன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டாள்.