இரண்டு கட்டை இறக்கம்

மாஸ்டருக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் போயிற்று. போனதைக்கூட மன்னித்திருப்பார், அந்த இடத்தில் சட்டமாக வந்து உட்கார்ந்த புதுப்பல்லைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. சாக்ஸபோனின் வாய்முனை அங்கேதான் அழுந்தி நிற்க வேண்டும். மயிரிழை மாறினாலும் காற்று ஓரமாகக் கசியும். கீழ்ச்சுரங்கள் எப்படியோ ஒப்பேறின. உச்சிச் சுரங்கள் கிறீச்சிட்டன.

நாற்பது வருடமாக ஊதுகிறவர். கப்பல், ஓட்டல், ஒலிப்பதிவுக் கூடம் என்று சுற்றிவிட்டு, இப்போது இசைக் கல்லூரியில் ஜாஸ் சொல்லிக்கொடுக்கிறார். கல்லூரிக் குழுவுக்கு எல்லாப் பாட்டையும் வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து எழுதுகிறவரும் அவரே. அதில் ஒரு சின்னச் சலுகை: நடுவில் வரும் தனி வாசிப்பு எப்போதும் அவருக்குத்தான். மற்றவர்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை; தன்மேல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஆண்டுக் கச்சேரி. தனி வாசிப்பின் உச்சியில் நீளமாக ஒரு சுரம் வருகிறது. அது வராவிட்டால் இனி மேடையே ஏறுவதில்லை, பாடம் நடத்துவதோடு சரி என்று முடிவெடுத்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒத்திகையில் தன் இடம் வந்ததும், "உதட்ட மிச்சம் புடிக்கிறேன், நீங்க மேல போங்க" என்று கையசைத்துவிடுவார். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஊதிப் பார்ப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் வெளியே கேட்காது என்பது அவர் கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ இருப்பதும், அதன்முன் முப்பது வருடமாகத் தன்னோடு வாசிக்கும் மனைவி இருப்பதும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

மனைவியும் மூச்சு விடவில்லை. சுருதியை இறக்கலாமா என்று கேட்டால் வீடு ரெண்டுபடும். போன வருடம் ஒரு வயதான பாடகர் அப்படிக் கேட்டதற்கு, ஒரு வாரம் வாய் ஓயாமல் கேலி பேசிய மனிதர் இவர். ஆனால் கல்லூரிக் குழுவில் பியானோ வாசிப்பதோடு, தாள்களை அச்செடுத்துக் கொடுப்பதும் மனைவியின் வேலை. கடைசி ஒத்திகைக்கு முந்தின நாள், கணினியில் சத்தமில்லாமல் பாட்டு முழுவதையும் இரண்டு கட்டை இறக்கி, எல்லோருக்கும் புதுத் தாள் போட்டுவிட்டார். குழுவும் கமுக்கமாக வாங்கிக்கொண்டது.

ஒரே ஒரு தாள் விட்டுப்போயிற்று. மாஸ்டர் அச்சுத் தாளைத் தொடமாட்டார். காபிக் கறை படிந்த தன் கையெழுத்துப் பிரதிதான் அவருக்கு வேதம். அவருக்குத் தாள் எடுத்தே பழக்கமில்லாததால் அந்த அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை.

கடைசி ஒத்திகையில் பாட்டு தொடங்கியது. கதவு கிறீச்சிட்டால்கூட அது என்ன சுரம் என்று சொல்லக்கூடியவர், பாட்டே இறங்கியிருப்பதைக் கவனிக்கவில்லை. நாக்கு புதுப்பல்லைத் தடவிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சாக்குச் சொல்ல முடியாது. தன் இடம் வந்ததும் கண்ணை மூடி ஊதினார்.

குழு ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம். காது கூசியது.

"நிறுத்துங்க! யாரு சுருதிய மாத்துனது?"

டிரம்பெட் தரையைப் பார்த்தது. டிராம்போன் தன் குழலுக்குள் எதையோ தேடியது.

"நான்தான்," என்றார் மனைவி. "ரெண்டு கட்டை எறக்கிட்டேன். உங்க தாள மட்டும் மறந்துட்டேன்."

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"பல்லு கட்டிட்டு வந்த மறுநாளே. தினம் ஒரு மணி நேரம் குளிச்சிட்டு, தலை நனையாம வெளிய வந்தா தெரியாதா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் தன் கோபத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. வெட்கமாக இருந்தது; அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. எங்கே அழுதுவிடுவோமோ என்று பயந்து குரலை உயர்த்தினார்.

"முதல்லேருந்து. எறக்குன சுருதிலயே."

"உங்களுக்குத் தாள்?"

"வேணாம்."

பழைய தாளைப் பார்த்தபடியே மனதுக்குள் சுருதி மாற்றி வாசித்தார். ஒவ்வொரு தேர்விலும் மாணவர்களை அவர் வறுத்தெடுக்கும் வித்தை அது. இரண்டு இடத்தில் தடுமாறினார். அந்த இரண்டையும் மாணவர்கள் ஆசை தீர ரசித்தார்கள். பிறகு அந்த உச்சிச் சுரம் வந்தது. கசியாமல், நடுங்காமல் வந்தது. எழுதியதைவிட ஒரு தாளம் கூடுதலாகவே பிடித்து நின்றார்.

அடுத்து பியானோ நுழைய வேண்டிய இடம். நுழையவில்லை. குழு தடுமாறி நின்றது.

"பியானோ எங்க போச்சு?" என்று திரும்பினார் மாஸ்டர்.

மனைவியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"கேட்டுட்டு இருந்தேன்," என்றார்.