நன்றி நவிலல்

கரையான்சாவடி பக்கம் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு 1996இல் வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி வந்தது. பென்சில் பருமன்கூட இல்லாத குழாய், நுனியில் விளக்கு. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை அமைச்சர் திறந்து வைக்கவிருந்ததால், அதுவரை கண்ணாடிப் பெட்டியில், ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்கு இரண்டு காவலாளிகள். குழந்தைகள் வார்டுக்கு ஒரே நர்ஸ்.

தாட்சாயிணியின் ஏழு மாதப் பெண் குழந்தைக்குப் புதன்கிழமை இதய ஆபரேஷன். விழா அழைப்பிதழில், 'நன்றி நவிலல்: மறுவாழ்வு பெற்ற குழந்தையின் தந்தை' என்று திங்கட்கிழமையே அச்சாகிவிட்டது.

"மல்லாக்கப் போட்டா மூச்சு உய்யுங்குது டாக்டர். குப்புறப் போட்டா சத்தமே இல்ல" என்றாள் தாட்சாயிணி.

"சளிம்மா. இருபத்திரண்டு வருஷமா ஸ்டெதாஸ்கோப் பிடிக்கிறேன்" என்றார் தலைமை டாக்டர் பார்த்தசாரதி.

"நான் ஏழு மாசமா இவளத் தூக்கிகினு கீறேன் சார்."

அவர் சிரித்தார். பின்னால் நின்ற டாக்டர்களும் அவர் சிரித்த அளவுக்குச் சிரித்தார்கள். இளம் டாக்டர் லோகநாயகி மட்டும், "ரத்தக்குழாய் வீங்கி மூச்சுக்குழாயை அமுக்குதோ என்னவோ. அந்தப் புதுக் குழாய விட்டு உள்ள ஒரு தடவ பாத்துட்டு ஆபரேஷன் பண்ணலாமா சார்?" என்று இழுத்தாள்.

"அமைச்சர் திறக்காததை நாம திறக்கலாமா?"

ஆபரேஷன் முடிந்தது. இதயம் சரியானது. மூச்சு கொடுக்கும் மிஷினிலிருந்து எடுத்ததும் குழந்தை நீலமானது. திரும்ப மாட்டினார்கள். வியாழக்கிழமை மறுபடி எடுத்தார்கள், மறுபடி நீலம். வெள்ளிக்கிழமை காலை நுரையீரலில் கிருமி, காய்ச்சல்.

அமைச்சர் நான்கு மணி நேரம் தாமதமாக வந்தார். இதயம் பற்றி ஆறு பேர் பேசினார்கள். பிறகு குழந்தையின் அப்பாவை, ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த தேவராஜை, மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள்.

"ரிப்பனைச் சீக்கிரம் வெட்டுங்க சார். உள்ள என் பொண்ணு கீது."

அடக்கமான மனிதர் என்று கைதட்டினார்கள்.

அன்று மாலை லோகநாயகி அந்தக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தாள். வீங்கிய ரத்தக்குழாய் அமுக்கியதில் மூச்சுக்குழாய் தட்டையாகிக் கீறலாய்க் கிடந்தது. முன்பே தெரிந்திருந்தால் அதே ஆபரேஷனில் வீக்கத்தைச் சுருக்கித் தைத்திருக்கலாம். இன்னொரு ஆபரேஷனைத் தாங்கக் குழந்தைக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மதியம் குழந்தை இறந்தது.

பார்த்தசாரதி வந்து தேவராஜிடம், "ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்லப்பா. இதயம் கடைசி வரைக்கும் பிரமாதமா வேல செஞ்சுது" என்றார். தாட்சாயிணி அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குழந்தையின் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தேவராஜ் வராந்தாவில் லோகநாயகியிடம் வந்தான்.

"அந்தக் குழாய உட்டுப் பாக்க எவ்ளோ நேரம் ஆச்சும்மா?"

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "நாலு நிமிஷம்."

சரியாகக் காதில் விழாதவன் போல அவன் திரும்பவும் கேட்டான். அவள் திரும்பவும் சொன்னாள்.