ராபர்ட் ஊதாத விசில்

கடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை. அங்கே மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது பிரிசில்லாவின் வேலை. புதுப்படப் பாட்டு, அம்மன் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பாட்டு என்று யார் எது கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுவாள். ஏற்றி முடித்ததும், காய் வாங்கினவருக்குக் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, கேட்காத பாட்டு ஒன்றையும் கொசுறாகச் சேர்த்து அனுப்புவாள். அவளுடைய உயிரே அந்தக் கொசுறில்தான் இருந்தது.

அது வேறு மாதிரிப் பாட்டு. வார்த்தைகள் அதிகம் இருக்காது. கம்ப்யூட்டரில் செய்த தாளம் ஒரே சீராக நெஞ்சில் இடிக்கும். அதன்மேல் ஒரு மெட்டு மெல்ல ஏறும். ஏறி ஏறி, இனி ஏற இடமே இல்லை என்கிறபோது எல்லாம் சட்டென்று அடங்கிவிடும். ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு அமைதி. அப்புறம் மொத்தத் தாளமும் ஒன்றாக வந்து விழும் பாருங்கள், அந்த இடத்தில் பிரிசில்லாவால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கவே முடியாது. முதலாளி பார்த்துவிடுவாரே என்று காலை மட்டும் ஆட்டிக்கொள்வாள்.

இந்தப் பாட்டெல்லாம் அவளுக்கு வந்து சேருகிற வழி சிதம்பரம். பள்ளித் தோழி இளமதி அங்கே இன்ஜினியரிங் படித்தாள். அவள் விடுதியில் எந்தெந்த ஊர்ப் பெண்களோ இருந்தார்கள், எல்லோரிடமும் ஹார்டு டிஸ்க் இருந்தது. அங்கே வந்து இறங்கும் புது ரீமிக்ஸ் எல்லாம் இளமதி கடலூர் வரும்போது பென் டிரைவில் வரும். மீதியை பிரிசில்லா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடுவாள். முக்கால்வாசி இறங்கியபின்தான் கரண்ட் போகும். மின்வாரியத்துக்கும் தனக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை என்று அவள் நம்பியிருந்தாள்.

கொசுறு வாங்கினவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், அந்தச் சோகத்தை எங்கே போய்ச் சொல்வது! பட்டம்மாள் என்கிற பூக்காரம்மா மறுநாளே கார்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இன்னாம்மா ஏத்திக் குடுத்த? சாமி பாட்டு முடிஞ்சா மிக்சி ஓடுது. கார்டு கெட்டுப் போச்சா பாரு." வேறொருவர் வைரஸ் என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஊரில் இத்தனை காதுகள் இருந்தும் தன்னோடு சேர்ந்து கேட்க ஒரு காது இல்லையே என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தத் தாளம் வந்து விழுகிற இடத்தை, இயர்போனில் இல்லாமல், சத்தமாக, நாலு பேரோடு சேர்ந்து ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், சித்திரை பிறந்த கையோடு, முதலாளி அவளைச் சிதம்பரத்துக் கிளைக்கு மாற்றினார். தினமும் போய் வர 'பொன்மலர்' பஸ் இருந்தது. அதில் கண்டக்டர் அவள் அண்ணன் ராபர்ட். டிரைவர் சிங்காரம், அதே தெருக்காரர், இவள் வாய்க்கு மாமா.

அந்த ரூட்டில் தனியார் பஸ்ஸுக்கு நேரத்தைவிடப் பாட்டு முக்கியம். எந்த வண்டியில் என்ன பாட்டு ஓடும் என்று பார்த்துத்தான் காலேஜ் பிள்ளைகள் ஏறுவார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ டிரைவருக்கு மட்டும்தான். வண்டியின் ஓனரே கேட்டாலும் கிடைக்காது. சிங்காரம் தன் உரிமையை நன்றாகவே அனுபவித்தார். வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் பொன்மலர் ஸ்பீக்கரில் காதலியைப் பிரிந்தவன்தான் அழுதுகொண்டே வருவான். பின்னாலேயே டி.வி. வைத்த புது வண்டி ஒன்று ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் பாதிப்பேர் அதற்குத் தாவிவிட்டார்கள்.

பிரிசில்லா விடுவாளா? இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு தினமும் நச்சரித்தாள்.

"மாமா, வெயிலுக்குன்னே ஒரு செட்டு சேத்து வச்சிருக்கேன். ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாருங்க."

"வேணாம் மாமா," என்றான் ராபர்ட், பின்னாலிருந்து. "இவ கேக்குறதெல்லாம் மாவு மில்லு சத்தம். பாசஞ்சருங்க அரிசியத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க."

சிங்காரத்துக்குக் காதலியைப் பிரிந்தவன் மீதே சலிப்பு தட்டியிருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலையில் கையை நீட்டினார். "சரி குடு. ஒரு ட்ரிப்பு. எதுனா வம்பு வந்துச்சுன்னு வையி, அப்பறம் இந்தப் பென் டிரைவு என் வண்டிக்குள்ளாறயே வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மாமா!"

அவள் ஒரு வாரமாக வரிசை மாற்றி மாற்றி அடுக்கிய செட்டு அது. ஓல்டு டவுன் வரை மெதுவான பாட்டு, பாலம் தாண்டினதும் கொஞ்சம் வேகம், குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்துகிற நேரத்தில் மூக்கையே மறக்கடிக்கிற மாதிரி ஒன்று. அது இளமதி கொடுத்ததிலேயே தங்கம். தாளம் அடங்கி அமைதி வரும்போது நீளமாக ஒரு விசில் வரும். அப்புறம் நன்றாகக் காக்கவைத்துச் சின்னதாக இரண்டு விசில். உடனே தாளம் வந்து விழும். அந்த விசிலுக்காகவே அவள் அதை எத்தனை தரம் கேட்டிருப்பாள் என்று கணக்கே இல்லை.

முதல் பாட்டுக்கு ஒரு பெரியவர், "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். ஆனால் பாலம் தாண்டியதும் கடைசி சீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் நோட்டை மூடினார்கள். ஒருவன் கம்பியில் தாளம் போட்டான். சிங்காரத்தின் விரல் ஸ்டியரிங்கில் தட்டுவதைக்கூட பிரிசில்லா பார்த்துவிட்டாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

குடிகாடு தாண்டி ஒரு வளைவு. தங்கப் பாட்டு ஏறிக்கொண்டே போனது. இதோ, இதோ, அடங்கியது. அமைதி. நீளமாக ஒரு விசில்.

சிங்காரம் பிரேக்கை மிதித்தார்.

அவர் மேல் குற்றமில்லை. ஒரு விசிலுக்கு நிற்பதும் இரண்டு விசிலுக்குக் கிளம்புவதும் அந்தக் காலுக்கு மூச்சு விடுகிற மாதிரி. வண்டி வளைவோரம் ஒதுங்கி நின்றது. யாரும் இறங்கவில்லை. ஆனால் புளிய மரத்தடியில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு நின்ற செல்லாயிக்கும் அவள் கூட்டாளிக்கும் கண்ணை நம்ப முடியவில்லை. அந்த வளைவில் எந்த எக்ஸ்பிரஸ் வண்டியும் அவர்களுக்கு நின்றதில்லை. கையைக் காட்டிக் காட்டி அலுத்தவர்கள், கூடையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாய்ந்து ஏறினார்கள். ஏறி முடிக்கவும் பாட்டில் இரண்டு விசில் வரவும் சரியாக இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது. இந்தக் களேபரத்தில் தாளம் வந்து விழுந்ததை யார் கேட்டார்கள்? பிரிசில்லாவே கேட்கவில்லை.

"ஏண்டா, இங்க எதுக்குடா விசில் அடிச்ச?" என்று கத்தினார் சிங்காரம்.

"நான் எங்க மாமா அடிச்சேன்? நீங்கதான் நிப்பாட்டினீங்க!"

"அடிக்காமயா நான் நிப்பாட்டுவேன்? என் காது என்னா செவுடா?"

இருவரும் மாறி மாறிக் கத்த, செல்லாயி வண்டி நின்ற சந்தோஷத்தில் ஆளுக்கொரு பிஞ்சு விநியோகித்தாள். பிரிசில்லா மட்டும் பிஞ்சை வாங்காமல் ஸ்பீக்கரையே பார்த்தாள். அந்த விசில் பாட்டு முடியும் முன் இன்னொரு தடவை வரும் என்பது அவளுக்குத்தானே தெரியும். "மாமா" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் அது வந்தேவிட்டது.

மறுபடி பிரேக். நின்றுகொண்டிருந்த பெரியவர் போய்க் கூடைமேல் உட்கார்ந்தார். சிங்காரம் ஆத்திரமாகத் திரும்பிப் பார்த்தார். ராபர்ட்டின் இரண்டு கையிலும் டிக்கெட், வாய் நிறைய வெள்ளரிப்பிஞ்சு, விசில் கழுத்துக் கயிற்றில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர் எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு விசில் ஊதி, வண்டியைப் போகச் சொன்னது.

பஸ் முழுக்கச் சிரித்தது. பெரியவர் கூடையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். சிரிக்காதவர் சிங்காரம் ஒருவர்தான். பென் டிரைவைப் பிடுங்கி அவள் மடியில் போட்டார்.

"கண்டக்டர் வூட்டுப் பொண்ணு நீ. விசிலு வெளையாட்டுப் பொருளா? பின்னால லாரி வந்திருந்தா இத்தினி பேரு கதி என்னா?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அண்ணன் கழுத்தில் தினமும் பார்க்கிற சாமான், வாரம் முழுக்கப் பாட்டை அடுக்கியவளுக்கு அது தோன்றவேயில்லையே! சிதம்பரம் வரை காதலியைப் பிரிந்தவன் அழுதான். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

அன்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பாட்டைத் திறந்து விசிலை மட்டும் வெட்டிப் பார்த்தாள். கேட்டால், உப்பில்லாத சோறு. மனசு வராமல் பழையபடியே ஒட்டி வைத்தாள்.

மறுநாள் காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. டி.வி. வண்டிக்கு நிற்கிற பையன்கள் இந்தப் பக்கம் வந்து, "விசில் வண்டி இதானா அண்ணே?" என்று ராபர்ட்டைக் கேட்டார்கள். சிங்காரம் கேட்டும் கேட்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார். வண்டி நிறைந்தது. பாட்டென்னவோ பழைய பாட்டுதான். பையன்கள் உச்சுக்கொட்டினார்கள். பிரிசில்லா பென் டிரைவைப் பைக்கு அடியில் போட்டிருந்தாள்.

குடிகாடு தாண்டி அதே வளைவு. அதே புளிய மரம். ஆனால் இன்றைக்கு அங்கே ஒரு கூட்டமே நின்றது, வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் கிர்ணிப்பழமுமாக. சிங்காரம் வேகத்தைக் குறைக்கவில்லை. செல்லாயி முன்னால் வந்து, இரண்டு விரலை வாயில் வைத்து, ஊரே கேட்கிற மாதிரி நீளமாக ஒரு விசில் அடித்தாள்.

கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி ஓரங்கட்டி நின்றது.

செல்லாயி படியேறி நேரே டிரைவரைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து விசிலுக்குத்தானே நின்னீங்க? அதான் இன்னிக்கு நாங்களே அடிச்சிட்டோம். தப்பாங்க?"

சிங்காரம் அவளை முறைத்தார். மீசை துடித்தது. அப்புறம் அடக்க மாட்டாமல் வெடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் கூடைகளை ஏற்றுகிற வரை இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தவர், திரும்பாமலே பிரிசில்லா பக்கம் கையை நீட்டினார்.

"குடு அத."

"மாமா?"

"வண்டி நிக்கும்போது போட்டா வம்பு இல்லல்ல? அந்த விசிலுக்கு முன்னாடி எடத்துல வையி. தெனமும் இந்த வளைவுல நின்னுதான் போடணும், அடுத்த விசில் வர்றதுக்குள்ள பாட்ட மாத்திடணும். ஓடும்போது விசில் வந்துச்சு, தொலைச்சிடுவேன்."

அவள் பைக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். ராபர்ட், கடைசிக் கூடை ஏறியதும், பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான்.

"ராபர்ட்டு, நீ ஊதாத," என்றார் சிங்காரம். "அது ஊதட்டும்."

பாட்டு ஏறியது. ஏறி ஏறி அடங்கியது. பஸ்ஸில் ஒரு சத்தமில்லை. நீளமாக ஒரு விசில் வந்தது. நிற்கிற வண்டி நின்றபடியே இருந்தது. அப்புறம் இரண்டு விசில்.

கியர் விழுந்தது. வண்டியும் தாளமும் ஒன்றாகக் கிளம்பின. பையன்கள் கூரையைத் தட்டினார்கள், நுங்குக்காரிகள் கூடை விளிம்பைத் தட்டினார்கள், நேற்றைய பெரியவரும் ஏறியிருந்தார், கைதட்டுவதற்குப் பதில் செருப்பைத் தரையில் தட்டினார். பிரிசில்லா எழுந்து நின்றுவிட்டாள். எத்தனையோ தடவை கேட்ட இடம்தான். ஆனால் இத்தனை பேர் சத்தத்தோடு அதைக் கேட்டதில்லை. அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணே," என்று கூட்டத்துக்கு மேலே கத்தினாள். "மாவு மில்லு எப்படி ஓடுது?"

டிக்கெட் பையில் இரண்டு கையாலும் மேளம் அடித்துக்கொண்டிருந்த ராபர்ட்டுக்கு அது காதிலேயே விழவில்லை.