அக்கவுண்ட்ஸ்-4

காலை ஒன்பதே காலுக்கு என் லேப்டாப் வீட்டு வைஃபையில் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பத்து மணிக்கு வீடியோவில் நேர்காணல். ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். ஏழு வருடம் கழித்து முப்பது விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான். பாஸ்வேர்டை நான்கு முறை அடித்தேன். அணைத்துப் போட்டேன். ஐந்தாவது முறை நான் குத்திய குத்தில் மேஜையே ஆடியது.

"இந்தச் சனியனைத் தூக்கி வெளிய போடுங்க!"

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக வந்தார். மனிதர் ஆமை. தக்காளி நறுக்கச் சொன்னால்கூட அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். அதற்காக நான் அவரைத் திட்டாத நாளில்லை. இன்றும் லேப்டாப்பைத் தொடாமல், நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"முதல்ல தண்ணி குடி. நான் இங்கதான் இருக்கேன்."

நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் சொல்வது இதுதான். கதவில் கை வைக்கும் முன் உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டுமாம். பயந்துபோனவர் கண்டதையும் அமுக்கி வைப்பாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குடித்தேன்.

என் போனில் வைஃபை வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகு தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்தார். சமர்த்தாகச் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான், அதை நம்பி நேர்காணலில் உட்கார முடியாது. அவருக்கோ சோதித்துப் பார்க்க அந்த ஒரு கோடே போதுமாக இருந்தது.

"லேப்டாப்பும் நல்லாருக்கு, ரவுட்டரும் நல்லாருக்கு. ரெண்டுக்கும் நடுவுலதான் ஏதோ சண்டை. கடைசியா யாரு எதைத் தொட்டது?"

"நான் ஒண்ணும் தொடல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நேற்று மாலை நெட் இழுத்துக்கொண்டிருந்தது. போனில் ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால் எங்கள் இரண்டு போன், டிவி, நான்காவதாக 'அக்கவுண்ட்ஸ்-4' என்று ஒன்று. எதிர்வீட்டுக்காரர் ஆடிட்டர். வேறு சாட்சி எதற்கு? ஓசியில் உறிஞ்சுகிறார்கள் என்று ஒரே தட்டில் தடை போட்டுவிட்டேன். சாப்பிடும்போது இவரிடம் பெருமையடித்தும் கொண்டேன். இன்று காலை ஆடிட்டர் மனைவி சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பாவி.

என் பெருமை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், லேப்டாப்பை மெல்லக் கவிழ்த்தார். ஏதோ அலுவலகம் கழித்துவிட்டதை நாங்கள் பழையதாக வாங்கியது அது. அடியில் பாதி கிழிந்த ஸ்டிக்கரில் அந்த அலுவலகம் வைத்த பெயர்: அக்கவுண்ட்ஸ்-4. நேற்று உள்ளறையில் தானாக அப்டேட் ஆகிக்கொண்டிருந்த என் லேப்டாப்பையே நான் துரத்தியிருக்கிறேன். பிழை திருத்தப் போகிறவளின் லட்சணம்!

இதே தவறை அவர் செய்திருந்தால் ஒரு வருடத்துக்கு விடாமல் சொல்லிக் காட்டியிருப்பேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. என் போனை வாங்கித் தடையை நீக்கினார். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு லேப்டாப் வைஃபையில் சேர்ந்தது. இந்த மனிதரையா இத்தனை வருடம் மந்தம் என்று ஏசினேன்? கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது, நேரமில்லை.

"ஆடிட்டர் வீட்டம்மாவைப் பாத்தா சிரிச்சிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

திரையில் மூன்று முகங்கள். முதல் இரண்டு கேள்விகளைச் சமாளித்துவிட்டேன். மூன்றாவதை நடுவிலிருந்த அம்மாள் கேட்டார்.

"ஏழு வருஷம் இடைவெளி விழுந்திருக்கே. உங்களை நம்பி எப்படிங்க வேலையைக் குடுக்கிறது?"

மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் எங்கோ போய்விட்டது. தண்ணீர் டம்ளரை எடுக்கத் தலையைத் திருப்பினேன். கதவுக்கு அடியில், ஒன்றில் ஷூவும் ஒன்றில் வெறும் சாக்ஸுமாக, இரண்டு கால்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.