ஆறு முதல் பத்து வரை

பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் ஒருவர் எழுந்தால் ஒருவர் படுப்போம். என் கணவருக்கு மீன் குளிர்கிடங்கில் இராத்திரி வேலை. எனக்குப் பகலில் தையல் கடை. மகளுக்கு எட்டு வயது; அப்பா என்றால் அவளுக்குப் போர்வைக்குள் இருக்கும் ஒரு மேடுதான்.

இரவு மின்சாரம்தான் மலிவு என்பதால் வந்த வேலை அது; அந்தக் காலம் போய்விட்டது. ஊரெங்கும் சோலார் வந்ததில் மத்தியானம் மின்சாரம் வழிகிறது, சாயங்காலம் பற்றவில்லை. மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா கிடங்குக்கு வந்தார்.

"பகல் கரன்ட்டை எங்க சேத்து வைக்கிறதுங்கறதுதான் எங்களுக்குத் தலைவலி. பேட்டரி வாங்கி மாளல. நீங்க பகல்லயே கிடங்கை நல்லா உறைய வெச்சிடுங்க. சாயங்காலம் ஆறுலேருந்து பத்து வரைக்கும் மெஷினை நிறுத்திடுங்க. உள்ள இருக்கிற குளிரே தாங்கும்."

இரண்டு வாரம் சோதனை; அதுவரை இவருக்குப் பகல் வேலை. இரவு பத்து மணிக்குக் கிடங்கின் வெப்பம் மைனஸ் பதினெட்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் இருந்தால் அதுவே நிரந்தரம். இல்லாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் புருஷன் வேண்டும்.

ஆனால் தினமும் ஒன்றிரண்டு டிகிரியில் தவறிக்கொண்டே இருந்தது. "கணக்கு சரியாத்தான் இருக்கு, குளிர் எங்க போகுதுன்னு தெரியல," என்று அந்த அம்மா மண்டையை உடைத்துக்கொண்டார். இவரோ சாயங்காலமானால், "காலாற நடந்துட்டு வரேன்," என்று கிளம்பிவிடுவார்.

கடைசி நாள், நடந்துவிட்டு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஊரே வியர்வையில் குளிக்கும் கோடை. அவர் விரல் என் மேல் பட்டது. சில்லென்று இருந்தது.

"கிடங்குக்குத்தானே போனீங்க?"

முகம் இஞ்சி தின்ற குரங்காகிவிட்டது. "உருகுதான்னு பாத்தேன். மெஷின் சத்தமே இல்ல. பயமா இருக்கு."

"கதவை எத்தனை தடவை திறந்தீங்க?"

"நாலஞ்சு தடவை. தினமும்தான்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! "பதினொரு வருஷம் உங்களைப் பாக்காம நான் இருந்தேன். நாலு மணி நேரம் மீனைப் பாக்காம உங்களால இருக்க முடியாதா?" என்று கத்தினேன்.

மறுநாள் தானே போய் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் கொடுத்தாராம்.

அன்று கிடங்குச் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்படியும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழரை மணிக்குச் செருப்பை மாட்டினார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ட்யூட்டிக்காப்பா?"

"இல்லம்மா," என்று செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கணக்கு நோட்டை அவரிடம் தள்ளினாள். ஒன்பது மணிக்கு அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

"கால் மரத்துப்போச்சு," என்றார் கிசுகிசுப்பாக.

"மரக்கட்டும். அசையாதீங்க."

காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அந்த அம்மாதான். "பத்து மணிக்கு மைனஸ் இருபது! இனிமே பகல் வேலைதான். அவர்கிட்ட குடுங்க, நானே சொல்றேன்."

எட்டிப் பார்த்தேன். மகளின் கால் அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்குறார் மேடம். ராத்திரி பூரா தூங்கியிருக்கார்," என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.