தூவா அடிக்காத ஆணி

சுவீடனின் லுண்டில் ஆராய்ச்சிக்கூடத்து வேலையை விட்டுவிட்டேன். அங்கே தரும் இலவங்கப்பட்டை ரொட்டியை விடவில்லை. ஒவ்வொன்றும் வண்டிச் சக்கரம் அளவு. கூட வேலை பார்த்த தூவா, அந்த ஊர் வழக்கப்படி தன் முனைவர் ஆய்வேட்டை அறிவிப்புப் பலகையில் ஆணியடித்து மாட்டும் நாளிலும் நான்தான் முதல் ஆள்.

அன்று மாலைக்குள் ஆணி ஏறினால்தான் மூன்று வாரத்தில் வாய்மொழித் தேர்வு. தவறினால் இலையுதிர் காலம்தான். பின்லாந்தின் டுர்க்குவில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அவள் ஆய்வு, கணினிக்குள் ஒரு குட்டி மூளை. மணியோசையோடு வலியையும் கொடுத்தால் மணிக்கே பயப்படக் கற்றுக்கொள்ளும். பிறகு வலியில்லாமல் வெறும் மணியை அடித்துக்கொண்டே இருந்தால் பயம் குறையும். தூவாவின் நிரலில் குறைவதோடு நிற்காது, துடைத்துவிட்ட மாதிரி பூஜ்யமாகிவிடும். அந்த வரைபடத்தின் அழகுக்கு அரண்மனையில் மாட்டலாம்.

ரொட்டி வெட்டக் கத்தி தேடி அலமாரியைக் குடைந்தபோது பழைய பித்தளை மணி அகப்பட்டது. முன்பு கூடத்துத் தலைவனாயிருந்த டோர்க்கெல் காபிக்கு அடிப்பது. காபி முடிவதற்குள் யாருடைய வேலையையாவது கிழித்துத் தோரணம் கட்டுவான், பெரும்பாலும் தூவாவுடையதை. அவன் வடக்கே உமியோவுக்கு வேலை மாறிப் போனபின் நாங்களே அடித்தோம். கொஞ்ச நாளில் தூவா சிரித்தபடி காபிக்கு வர ஆரம்பித்தாள். அப்புறம் மணி எங்கோ தொலைந்துபோனது.

கொண்டாட்டம்தானே என்று ஓங்கி அடித்தேன். கடலுக்கு அப்பால் கோபன்ஹேகனில் நாய்கள் குரைத்திருக்கும்.

தூவாவின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது.

"டோர்க்கெல் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கான், தூவா!"

"எனக்குத் தெரியுது, ஊல்ஃப். என் வயித்துக்குத் தெரியலையே."

"சரி, ஆணியை அடி. காபி ஆறுது."

அவள் ஆய்வேட்டைத் திறந்து அந்த அழகுப் படத்தையே வெறித்தாள்.

"என் நிரலா இருந்தா சுத்தியலைக் கீழ விட்டிருக்காது."

"உன்னைவிடத் தைரியசாலின்னு சொல்லு!"

"சிரிக்காதே. பயம் அழியவே இல்ல. மேல ஏதோ உக்காந்து அமுக்கி வச்சிருந்திருக்கு. நான் அமுக்குறதை எழுதாம பயத்தையே அழிச்சிட்டேன். படம் சுத்தமா வரணும்னு."

"மூணு வாரத்துல எவன் கண்டுபிடிக்கப் போறான்? டுர்க்கு என்னாகும்?"

ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "மணியை அடி."

"வேணாம் தூவா."

"அடி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

அடித்தேன். மேசைமேல் விரித்து வைத்திருந்த அவள் விரல்கள் துடித்தன. மெல்ல மெல்ல ஓய்ந்தன. யாரும் ரொட்டியைத் தொடவில்லை. நான்கூட.

"அடங்கிடுச்சே!" என்றேன்.

"அடங்கிடுச்சு," என்றாள், ஆய்வேட்டை மூடிவிட்டுக் கணினியில் நிரலைத் திறந்தபடி. "போகல."